உம் கொட்டிய சுவர்

சத்திரப்பட்டியில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறியின் தடக் தடக் சத்தமும் காற்றில் மிதக்கிற பஞ்சும் கூடவே வரும், அங்கே நெய்கிற துணியில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணிதான், அப்படிப்பட்ட ஊரில் தறிக்காரர் சண்முகையாவின் மகன் மாரீஸ்வரன் படுத்திருந்த அறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவு இல்லாமல் போயிற்று.

கதவு உடையவில்லை. யாரும் கழற்றிக்கொண்டும் போகவில்லை. முந்தின நாள் வரை தெருவைப் பார்த்துத் திறந்த பச்சை பெயின்ட் அடித்த கதவு இருந்த இடத்தில், அக்கம்பக்கத்துச் சுவரைப் போலவே வெள்ளையடித்த, அதே போலக் கொஞ்சம் காரை உதிர்ந்த சுவர் இருந்தது. அம்மா குருவம்மாள் டீ டம்ளரோடு வந்து நின்று, பழக்கத்தில் தட்டப் போன கையை அப்படியே சுவரில் வைத்துக்கொண்டு, "மாரீஸு, உள்ளயா இருக்க?" என்று கேட்டாள்.

"ம்" என்றான் அவன்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனவன் மாரீஸ். தீபாவளிக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஆகும் என்று தறிக்கூடத்தை ஒட்டிச் சண்முகையா கட்டி வைத்திருந்த அறையில், பின்பக்கம் சின்னக் குளியலறையும் உச்சியில் ஒரு வென்டிலேட்டரும் உள்ள அந்த அறையில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பொங்கல் வந்தது, போனது. அவன் திரும்பவில்லை. பிறகுதான் கதவு போயிற்று.

கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள். அவர் உளி வைத்துச் செங்கல்களைப் பெயர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்து பார்த்தால் பெயர்த்த செங்கற்கள் கீழே கிடக்க, சுவர் முழுசாக நின்றது. "சம்பளம் வேண்டாம்ணே, செங்கல்ல மட்டும் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு பூசினார், அது சுவரில் நன்றாக ஒட்டிக்கொண்டது. டி.வி.க்காரர்கள் ராஜபாளையத்திலிருந்து கேமராவோடு வந்தார்கள். எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் படத்தில் சுவர் சுவராகத்தான் தெரிந்தது, அதில் செய்தி எதுவும் இல்லை என்று போய்விட்டார்கள். குருவம்மாள் ஏணி போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாகக் கயிற்றில் தூக்குச்சட்டியை இறக்கினாள். சோறு உள்ளே போயிற்று, கழுவின சட்டி மேலே வந்தது. ஊர் அதற்கும் பழகிவிட்டது. அந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் "குருவக்கா, ஏணிய நல்லா ஊன்றி வைங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

முதலில் சுவரோடு பேசியது எதிர்வீட்டு ஜெயக்கொடி சித்திதான். அவனைத் திட்டத்தான் வந்தாள். "ஏம்ப்பா, பெத்தவ இந்த வயசுல ஏணில ஏறுறாளே, உனக்கே நல்லாருக்கா?" என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. குத்தலாகவும் இல்லை, எரிச்சலாகவும் இல்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது போல இருந்தது. ஜெயக்கொடி மேற்கொண்டு திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு: வெளிநாடு போன மகன் ஞாயிறு தவறாமல் வீடியோ கால் போடுகிறான், அவன் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று தான் கேமராவை விட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவது, அவனும் "ஏம்மா ஃபேனக் காட்டுற" என்று கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதையும் விட்டுவிட்டது. சொல்லச் சொல்ல அவள் முதுகு சுவரில் சாய்ந்தது. சுவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தது. எழுந்தபோது சேலையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைக்கூட அவள் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் யாருக்காவது முதுகில் சுண்ணாம்பு இருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காதலித்த பெண்ணின் கல்யாணத்துக்கு மைக்செட் போட்டவன் வந்தான். மாமியாரிடம் ஒரு நாளாவது எதிர்த்துப் பேசிவிட வேண்டும் என்று வாக்கியங்களை ஒத்திகை பார்க்கிறவள் வந்தாள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் பேப்பரோடு வந்து சாய்ந்து, ஒன்றுமே பேசாமல், பேப்பரையும் விரிக்காமல் இருந்துவிட்டுப் போனார். யாரோ ஒரு மர முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் சாய்ந்திருக்கும்போது மற்றவர்கள் பேச்சு காதில் விழாத தூரத்தில், வேப்பமரத்தடியில் நிற்பது என்று ஒரு முறை, யாரும் சொல்லாமலே ஏற்பட்டது.

வராதவர் சண்முகையா ஒருவர்தான். காலமெல்லாம் தறிச் சத்தத்துக்குள் நின்றதில் அவருக்குக் காது மந்தம். அவர் ஒருநாள் சுவரில் காதை வைத்துப் பார்த்தார், மகன் உள்ளே உம் கொட்டினானா இல்லையா என்பதே தெரியவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். தறியில் நூல் அறுந்தால் மட்டும் நிமிர்ந்து அந்தச் சுவரை ஒரு பார்வை பார்ப்பார்.

சித்திரை மாதம் செண்பகம் வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள், தறி ஓட்டுகிற கோபாலின் மனைவி, கையில் பச்சைக் குழந்தை. பிள்ளை பிறந்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றாள், எல்லோரும் சந்தோஷமாக இரு என்கிறார்கள், சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றாள். மறுநாளும் வந்தாள். மாரீஸ் உம் கொட்டினான். அதற்கு மறுநாள் மத்தியானம் வந்து, ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, சாதாரணமான குரலில், கடைக்குப் போகிறதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"தம்பி, நானும் பிள்ளையும் இல்லன்னா எல்லாருக்கும் லேசா இருக்கும்னு தோணிக்கிட்டே இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அந்தச் சுவரிடம் அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். மாரீஸ், தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்து, வேறு எதுவும் தெரியாமல், "ம்" என்றான். அவள் எழுந்து போகிற காலடி கேட்டது.

அப்போதுதான் அவன் சுவரை உள்ளேயிருந்து அடிக்கத் தொடங்கினான். கையால் அடித்தான், தூக்குச்சட்டியால் அடித்தான். "அம்மா! அம்மா! செண்பகம் மதினியப் பாருங்க! தனியா விடாதீங்க! ஓடுங்கம்மா!" தறிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. குருவம்மாள் கையில் இருந்த துணிக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள், பின்னாலேயே ஜெயக்கொடி ஓடினாள். செண்பகம் வீட்டில் இல்லை. கண்மாய்க்கரையில், தண்ணீருக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. குருவம்மாள் எதுவும் கேட்கவில்லை. அவளை ஒட்டினாற்போல உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். ஜெயக்கொடி பிள்ளையை எடுத்துக்கொண்டாள். அங்கிருந்தே ஆட்டோ பிடித்து ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா இது பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிறதுதான், இதற்கு மருந்து இருக்கிறது, பேசுவதற்கு ஆளும் இருக்கிறார்கள், குணமாகும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

செண்பகம் பிழைத்தாள். ஆனால் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. "சுவர்ட்ட சொன்னது ஊருக்கே தெரிஞ்சு போச்சே" என்றார்கள். மைக்செட்காரன் வருவதை நிறுத்தினான். மாமியாரைத் திட்டி ஒத்திகை பார்த்தவள் வேறு வழியாகச் சுற்றிப் போனாள். முக்காலியில் ஆடு ஏறி நின்றது.

மாரீஸ் உள்ளே உட்கார்ந்து யோசித்தான். அவள் கேட்டபோது என்ன சொல்லியிருக்க வேண்டும்? எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இதையெல்லாம் தெரிந்தவர்கள் எங்கேயாவது இருப்பார்கள், யாரிடமோ படித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். போனில் தேடினான். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி இருந்தது, எந்த டிகிரி முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தூக்குச்சட்டி மேலே வந்தபோது அவன் குரலும் கூடவே வந்தது.

"அம்மா, நான் மேல படிக்கலாம்னு இருக்கேன். கவுன்சலிங்."

குருவம்மாள் ஏணியிலிருந்து விழாத குறை. தெரு முழுக்கச் சொன்னாள். தெருவுக்குக் கவுன்சலிங் என்றால் அண்ணா யுனிவர்சிட்டிதான். "டிகிரி முடிச்சவனுக்கு எதுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்? கட் ஆஃப் எவ்வளவாம்?" என்று விசாரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்த செண்பகம்தான் சுவருக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினாள்.

"இது சீட்டு எடுக்கிற கவுன்சலிங் இல்ல. ஆஸ்பத்திரில எங்கூட தெனமும் ஒரு மேடம் உக்காந்து பேசுனாங்கல்ல, அந்த வேலைக்குப் படிக்கிற படிப்பு. அவங்களும் என்னையக் கேள்வி கேட்டாங்க, நானும் அவங்கள கேள்வி கேட்டேன், பதில் வந்துச்சு." பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க கத்துனது தப்புன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க தம்பி. நான் இங்க நிக்கிறேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்பினான். ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்த இடத்தில், 'என்னிடம் ஒருவர் உதவி கேட்டார், எனக்குச் செய்யத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, இது போதுமா என்று வென்டிலேட்டரைப் பார்த்துக் கேட்டான். போதும் என்று ஏணியடியில் நின்றவர்கள் சொன்னார்கள். பரிந்துரைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்றிருந்தது. கெமிஸ்ட்ரி புரொபசருக்கு அவன் முகம் ஞாபகம் இல்லை. அப்போது பேசாமலே வந்து போகிற தலைமையாசிரியர் முன்னால் வந்து, "நான் தரேன். இந்தப் பையன் கூட நெறையப் பழகியிருக்கேன்" என்றார். அவர் வாயிலிருந்து தெரு அன்றுதான் ஒரு முழு வாக்கியம் கேட்டது.

நேர்முகத் தேர்வுக்கு நேரில் வரவும் என்று மெயில் வந்தது. அறைக்குக் கதவு இல்லை, வர இயலவில்லை என்று மாரீஸ் உள்ளதை எழுதினான். அதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கல்லூரி அலுவலகம் கேட்டது. வி.ஏ.ஓ. வந்து சுவரை ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டு, 'மேற்படி நபரின் அறைக்குக் கதவு இல்லை என்பது நேரில் சென்று விசாரித்ததில் உண்மை எனத் தெரியவருகிறது' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. துறைத்தலைவர் ஹெலன் சுகந்தி தென்காசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் தாமே வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அவர் வந்த அன்று தெருவில் எல்லாத் தறிகளையும் நிறுத்தினார்கள். அப்படி ஓர் அமைதி அந்தத் தெருவுக்குப் பழக்கமில்லை, குழந்தைகள் மிரண்டு அம்மாக்களின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணப் பட்டுச்சேலையோடு ஹெலன் சுகந்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"மாரீஸ்வரன், உங்ககிட்ட ஒருத்தர் உதவி கேட்டாங்கன்னு விண்ணப்பத்துல எழுதியிருந்தீங்களே, அவங்களுக்கு என்ன சொல்லியிருக்கணும்னு இப்போ நினைக்கிறீங்க?"

"தெரியல மேடம். நெறைய யோசிச்சேன். இப்பவும் தெரியல."

"தெரியலன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் மேடம். தெரியல, ஆனா போகாதீங்க, இருங்கன்னு சொல்லியிருக்கலாம்."

ஹெலன் சுகந்தி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "இந்த ஊரே உங்ககிட்ட வந்து பேசுது. நீங்க யாருகிட்ட பேசுறீங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் வரவில்லை. அவரும் அவசரப்படவில்லை. காத்திருந்தார். எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. பதில் வராது என்று தெரிந்த பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தார்.

"எங்க படிப்புல ஒரு விதி உண்டு. மத்தவங்க பேச்சக் கேக்க வர்ற ஒவ்வொருத்தரும், முதல்ல தானே போய் ஒருத்தர் முன்னாடி உக்காந்து பேசணும். அத மட்டும் சுவருக்குப் பின்னாலிருந்து செய்ய முடியாது. உங்களுக்கு இடம் இருக்கு மாரீஸ்வரன். ஜூலைல வகுப்பு ஆரம்பிக்குது. கதவுக்கு நான் எதுவும் செய்ய முடியாது."

கார் போய்விட்டது. இடம் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, போக வழியில்லாததற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் தெரு அப்படியே நின்றது. தறியை ஓட்ட யாருக்கும் மனசில்லை. சண்முகையா நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுக்க வந்தார்.

"அப்பா" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. "அப்பா!" என்று மறுபடியும் வந்தது, இந்த முறை பலமாக. தறிகள் ஓடாததால் அது அவர் காதில் விழுந்தது. நாற்காலியைக் கீழே வைத்தார்.

"என்னய்யா?"

"அங்க... கம்பெனில..."

"கேக்கல."

"கம்பெனில இருந்தப்ப எனக்கு யாருமே இல்லப்பா!" என்று அவன் கத்தினான். கத்தாமல் அவரிடம் எதையும் சொல்ல முடியாது, கத்தினால் தெருவுக்கே கேட்கும், அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினான். "ரூம்ல ஷிப்டு போட்டுப் படுக்கணும். நான் வேலை முடிஞ்சு வரும்போது பாய் சூடா இருக்கும், அதுல படுத்தவன் போயிருப்பான். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் எந்திரிச்சுப் போனதும் இன்னொருத்தன் வந்து என் சூட்டுல படுப்பான். வாரக்கணக்கா ஒருத்தர்கிட்டயும் பேசல. எங்குரலே எனக்கு மறந்து போச்சு. ஒருநாள் டீக்கடைல டீ கேக்க வாயத் திறந்தேன், சத்தம் வரல!"

வேப்பமரத்தடியில் நின்றவர்களில் யாரோ "ம்" என்றார்கள். முற்றத்தில் நின்றவர்களும் "ம்" என்றார்கள். ஜெயக்கொடி "ம்" என்றாள், செண்பகம் "ம்" என்றாள், கோபித்துக்கொண்டு வராமல் இருந்த மைக்செட்காரனும் தன் வீட்டு வாசலில் நின்று "ம்" என்றான்.

"இங்க வந்தா எல்லாரும் நல்ல வேலைய ஏன் விட்டன்னு கேட்டீங்க. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா. எல்லாப் பயலும் இருக்கானே, எனக்கு மட்டும் ஏன் முடியலன்னு..." குரல் உடைந்து கீழே போயிற்று.

சண்முகையா சுவருக்குப் பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்தார். முகம் கோணியது. "கடைசியா சொன்னது கேக்கலய்யா" என்றார். "எனக்குக் காது போச்சுல்ல. கிட்ட வந்து சொல்லு."

அவன் கிட்ட வந்தான்.

எப்படி வந்தான் என்று பிறகு ஊரில் நிறையப் பேசினார்கள். தெருவே அங்கேதான் நின்றது, ஆனால் அந்த நேரத்தில் ஜெயக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், குருவம்மாள் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள், மற்ற எல்லோரும் சண்முகையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கும்போது அவர் பக்கத்தில் மாரீஸ் நின்றான், தாடியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சட்டை முழுக்கச் சுண்ணாம்போடு. அவனுக்குப் பின்னால் பச்சைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவன் அப்பாவின் காதோரம் குனிந்து மெதுவாக என்னவோ சொன்னான். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. சண்முகையா மகனின் பிடரியில் கை வைத்து, கேட்டு முடிக்கிற வரைக்கும் எடுக்கவே இல்லை.

ஜூலையில் அவன் மதுரைக்குப் போனான். அங்கே எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. முதல் பருவத்தில் புள்ளியியல் பேப்பரில் தோற்றான், மனசைப் படிக்க வந்தால் கணக்குப் போடச் சொல்கிறார்கள் என்று போனில் அம்மாவிடம் புலம்பினான், மறுபடி எழுதித் தேறினான். விதிப்படி வாரம் ஒருமுறை ஒரு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசினான். முதலில் அழுகை வந்தது, பிறகு பேச்சு வந்தது, ஒருநாள் சிரிப்பும் வந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கண்மாய்க்கரையில் செண்பகத்தின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். யாராவது அவனிடம் ஏதாவது சொல்ல வந்தால், "நான் இன்னும் படிச்சு முடிக்கலக்கா, ஆனா யாருகிட்ட போகணும்னு தெரியும், கூட வாரேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

இரண்டாம் வருஷம் பயிற்சிக்காக ஓர் அரசு மருத்துவமனையில் போட்டார்கள். சின்ன அறை, ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். முதல் நாள் அவனிடம் அனுப்பப்பட்டவர் கூலிவேலை பார்க்கிற ஒரு பெரியவர், மனைவி இறந்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டவர். வந்து உட்கார்ந்தார். மாரீஸ் தன் பெயரைச் சொன்னான், தான் மாணவன் என்பதைச் சொன்னான், அவர் சொல்வதில் எதை ரகசியமாக வைத்துக்கொள்வேன், எதை வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொன்னான். பெரியவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவர் முகத்தைப் பார்த்தபடி அவரோடு இருந்தான். வெளியே டோக்கன் நம்பரை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நேரம் முடிந்தபோது பெரியவர் எழுந்து, வாசல் வரைக்கும் போய், நின்று திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கும் இருப்பீகளா?" என்றார். குரல் கரகரத்தது.

"இருப்பேன்யா" என்றான் மாரீஸ்.